எண்ணப்படாத வாக்குகள்: நார்த்வெஸ்டர்ன் கால்பந்து வீரர்கள் சங்கம் கேட்ட கதை (2014–2015)

கல்லூரி அணிக்கு ஆடும் மாணவருக்குச் சம்பளம் கொடுக்கலாமா என்ற விவாதம் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. "இலவசப் படிப்பே பெரிய சம்பளம்தானே" என்பது ஒரு பக்கம். "கோடிக்கணக்கில் வருமானம் வருகிறதே, அதில் பங்கு எங்கே" என்பது மறுபக்கம். 2014-இல், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் தங்களுக்குத் தொழிற்சங்கம் வேண்டும் என்று கேட்டபோது, இந்த விவாதம் முதல் முறையாகத் தொழிற்சங்கச் சட்டத்தின் முன் போய் நின்றது. வீரர்கள் சாட்சி சொன்னார்கள், அவர்களுடைய வாரம் மணிக்கணக்கில் பதிவானது, வாக்கெடுப்பும் நடந்தது. அந்த ஆவணங்களைப் படித்தால், மேலே சொன்ன இரண்டு வாதங்களுமே வீரர்கள் உண்மையில் கேட்டதைத் தொடவில்லை என்று தெரியும். அதனால்தான் இதை முழுதாக எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட தனிநபர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அவர்கள் வகித்த பொறுப்பே இந்த ஆய்வுக்குப் போதும்.

பின்னணி

இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து. தலைக்கவசமும் தோள் கவசமும் போட்டுக்கொண்டு முழு வேகத்தில் மோதும் ஆட்டம். தலையில் அடிபடுவது, முட்டி போவது, கணுக்கால் போவது எல்லாம் அன்றாடம் நடப்பவை.

நம்மூரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கிய பையனின் ஆட்டத்தைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் அவனுடைய நண்பர்கள்தான். அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து ஒரு பெரிய வியாபாரம். டிக்கெட், தொலைக்காட்சி உரிமை, அணியின் சின்னம் போட்ட சட்டை, தொப்பி என்று எல்லாமே காசு. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் இருக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் படிப்புக்குத்தான் அதிகம் பெயர் பெற்றது. அங்கேயே 2003 முதல் 2012 வரை கால்பந்தால் வந்த வருமானம் 23.5 கோடி டாலர், ஆன செலவு 15.9 கோடி டாலர்.

அணியில் 112 பேர். அவர்களில் 85 பேருக்கு முழு ஸ்காலர்ஷிப்: கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். ஆண்டுக்குச் சுமார் 61,000 டாலர் மதிப்பு. மீதிப் பேர் உதவித்தொகை இல்லாமல், ஆர்வத்தின் பேரில் அணியில் சேர்ந்தவர்கள், 'வாக்-ஆன்' என்பார்கள். ஸ்காலர்ஷிப்புக்கு மேல் விளையாட்டுக்காக ஒரு காசு வாங்கக்கூடாது, தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அன்றைய விதி.

இந்த விதிகளுக்கு அடியில் இன்னொரு பழைய பிரச்சினை உண்டு. 1955-இல் கொலராடோ மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரிக்காக ஆடிய வீரர் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவருடைய மனைவி கேட்டார். 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி வீரரை ஊழியர் என்று ஒப்புக்கொண்டால் முதலில் வந்து நிற்கப்போவது மருத்துவச் செலவும் இழப்பீடும்தான் என்பது கல்லூரிகளுக்கு அப்போதிருந்தே தெரியும்.

மனு

2013 செப்டம்பரில் ஒரு ஆட்டத்தின்போது நார்த்வெஸ்டர்ன் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் வீரர்) தன் மணிக்கட்டுப் பட்டையில் மூன்று எழுத்துகளை எழுதிக்கொண்டு இறங்கினார். 'எல்லா வீரர்களும் ஒன்று' என்று பொருள்படும் வாசகத்தின் சுருக்கம் அது. அதே வாரம் வேறு இரண்டு கல்லூரிகளின் வீரர்கள் சிலரும் அப்படியே எழுதிக்கொண்டு ஆடினார்கள்.

2014 ஜனவரியில் அவர் சக வீரர்களைக் கூட்டிப் பேசினார். சங்கம் வேண்டும் என்று ஒப்புதல் அட்டையில் கையெழுத்து வாங்கினார்கள். சட்டப்படி 30 சதவீதம் பேர் போட்டால் போதும்; அணியில் பெரும்பாலோர் போட்டார்கள். ஜனவரி 28 அன்று, என்.எல்.ஆர்.பி. எனப்படும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் சிகாகோ அலுவலகத்தில் மனு தாக்கலானது. இதற்காகத் தொடங்கிய வீரர் சங்கத்துக்குப் பின்பலமாக யுனைடெட் ஸ்டீல்வொர்க்கர்ஸ் என்ற எஃகுத் தொழிலாளர் சங்கம் நின்றது. வழக்குச் செலவையும் ஏற்றது.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். விளையாடும்போது ஏற்பட்ட காயத்துக்குக் கல்லூரியை விட்டுப் போன பிறகும் மருத்துவச் செலவு. பயிற்சியில் தலைமோதலைக் குறைக்கும் விதிகள். காயம்பட்டவரின் ஸ்காலர்ஷிப்பைப் பறிக்காமலிருக்க உத்தரவாதம். கல்லூரியில் படிக்க ஆகும் முழுச் செலவுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் நடுவே இருந்த பள்ளத்தை நிரப்புவது. பட்டம் முடிக்காமல் போனவர் திரும்பி வந்து முடிக்க ஒரு நிதி. வெளி விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி. கல்லூரி தரும் மாதச் சம்பளம் இந்தப் பட்டியலில் இல்லை. பயிற்சியாளரைப் பற்றியும் அவர்கள் புகார் சொல்லவில்லை. எங்களை மோசமாக நடத்துகிறார்கள் என்பதற்காக இதைச் செய்யவில்லை என்று அந்த குவார்ட்டர்பேக் திரும்பத் திரும்பச் சொன்னார். தங்களைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் தங்களுக்கும் ஒரு நாற்காலி. அவ்வளவுதான் கேட்டார்கள்.

ஏன் நார்த்வெஸ்டர்ன்? 1935-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் தனியார் நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். மாநில அரசு நடத்தும் பல்கலைக்கழகங்களை அது தொடாது. பெரிய கால்பந்துக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை அரசுடையவை. அவை ஆடும் பெரிய லீக்குகளுக்குள் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும், அங்கே முன்னே நிற்கத் துணிந்த ஒரு அணியும் வேண்டும். இரண்டும் இங்கே அமைந்தன. இந்தத் தேர்வுதான் பின்னால் அவர்களுக்கு எதிராகவே திரும்பியது.

விசாரணையில் பதிவானது

பிப்ரவரியில் சிகாகோவில் விசாரணை நடந்தது. இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் செலவிட்டுப் படித்தது இந்தப் பகுதியைத்தான்.

ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்குவதற்கு முன் ஒரு மாத முகாம். அப்போது கால்பந்துக்கே வாரம் 50 முதல் 60 மணி நேரம். பயிற்சியாளர்கள் ஒவ்வொரு நாளும் அட்டவணை கொடுப்பார்கள்: எப்போது எழுவது, எப்போது பிசியோவிடம் போவது, எப்போது சாப்பாடு, எப்போது பழைய ஆட்டத்தின் வீடியோ, எப்போது விளக்கணைப்பது. வகுப்புகள் தொடங்கி ஆட்டப் பருவமும் வந்தால் 40 முதல் 50 மணி நேரம். இதற்கு மேல்தான் படிப்பு.

என்.சி.ஏ.ஏ. விதியோ வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? வெளியூர்ப் பயணம் அந்த 20-இல் சேராது. காயத்துக்குச் சிகிச்சை சேராது. 'விருப்பப்பட்டால் வரலாம்' என்ற பெயரில் நடக்கும் உடற்பயிற்சியும் சேராது. வராதவர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு ஆடப் போனபோது வெள்ளிக்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை வீரர்கள் அணியின் பிடியில்தான் இருந்தார்கள். அந்த வாரக் கணக்கில் அது ஒரு சின்ன எண்ணாகத்தான் ஏறியிருக்கும்.

படிப்பு எப்படிப் பாதிக்கப்பட்டது என்பதற்கு அந்த குவார்ட்டர்பேக்கே சாட்சி சொன்னார். அவருக்கு டாக்டராக ஆசை. அதற்கு வேதியியல் தேவை. வேதியியல் வகுப்போ காலைப் பயிற்சி நேரத்தில் வந்தது. பயிற்சிதான் வென்றது; கடைசியில் அவர் உளவியல் எடுத்துப் படித்தார். அணி வீரர்களில் 97 சதவீதம் பேர் பட்டம் முடிக்கிறார்கள் என்று பல்கலைக்கழகம் எடுத்துச் சொன்னது. அது உண்மைதான், சாதாரண சாதனையும் இல்லை. ஆனால் எந்தப் பட்டம் என்பதை அந்த எண் சொல்லாது.

அப்புறம் விதிப்புத்தகம். வெளியே வாடகைக்கு வீடு எடுத்தால் ஒப்பந்தத்தைப் பயிற்சியாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வெளியில் பகுதிநேர வேலைக்குப் போக அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் பத்திரிகையாளரிடம் பேசக்கூடாது. சமூக வலைத்தளத்தில் பயிற்சியாளர் நட்பு அழைப்பு அனுப்பினால் மறுக்கக்கூடாது. அணியை விட்டுத் தானாக விலகினால் ஸ்காலர்ஷிப் உடனே போய்விடும். மற்ற மாணவர்களுக்கு இப்படி எதுவும் இல்லை.

முதல் முடிவு: 2014 மார்ச் 26

வாரியத்தின் மண்டல இயக்குநர் வீரர்கள் பக்கம் தீர்ப்பு எழுதினார். அவர் வைத்துப் பார்த்த அளவுகோல் பழைய பொதுச்சட்ட அளவுகோல்தான்: இன்னொருவருக்காக வேலை செய்கிறாரா, அதற்கு ஒப்பந்தம் உண்டா, பதிலுக்கு ஏதாவது கிடைக்கிறதா, அந்த இன்னொருவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறாரா. நான்குக்கும் பதில் ஆம் என்றார். வீரர் கையெழுத்திடும் ஸ்காலர்ஷிப் கடிதமே ஒப்பந்தம். ஸ்காலர்ஷிப்பே கூலி. வெளியே தங்கும் மூத்த வீரர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்காக மாதம் 1,200 முதல் 1,600 டாலர் வரை பணமாகவே கொடுக்கப்பட்டதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

பல்கலைக்கழகம் 2004-ஆம் ஆண்டின் பிரவுன் பல்கலைக்கழகத் தீர்ப்பைக் காட்டியது. கற்பித்தல் பணி செய்யும் ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் மாணவர்கள், அதனால் ஊழியர்கள் ஆக மாட்டார்கள் என்றது அந்தத் தீர்ப்பு. இயக்குநர் அதை ஏற்கவில்லை. ஆராய்ச்சி மாணவரின் வேலை அவருடைய படிப்பின் ஒரு பகுதி. கால்பந்துக்கு மதிப்பெண் கிடையாது, பட்டத்துக்கு அது தேவையும் இல்லை, பயிற்சியாளர்கள் பேராசிரியர்களும் இல்லை.

வாக்-ஆன் வீரர்களை மட்டும் அவர் சேர்க்கவில்லை. அவர்களுக்கு ஸ்காலர்ஷிப் இல்லை, ஆகவே கூலி இல்லை, ஆகவே ஊழியர் இல்லை. கேட்க வருத்தமாக இருந்தாலும் தர்க்கம் சரி. அந்தத் தர்க்கத்தை நேராகப் பின்பற்றினால், "கல்லூரி வீரருக்குச் சம்பளம் கொடுக்கலாமா" என்ற கேள்விக்கு இங்கேயே விடை வந்துவிடுகிறது: 85 பேருக்கு ஏற்கனவே கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்பதை மட்டும் ஒரு தரப்பே முடிவு செய்துகொண்டிருந்தது.

வாக்கெடுப்பு

ஏப்ரல் 25-க்கு வாக்கெடுப்பு குறிக்கப்பட்டது. ஸ்காலர்ஷிப் வீரர்களில், ஆடும் தகுதிக் காலம் இன்னும் முடியாத 76 பேருக்கு வாக்கு.

தலைமைப் பயிற்சியாளர் இதே அணியில் ஆடி வளர்ந்தவர். வீரர்களுக்கு அவர் மேல் உண்மையான பாசம் இருந்தது. சங்கத்துக்கு எதிராக வாக்களியுங்கள் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். பல்கலைக்கழகம் பக்கம் பக்கமாகக் கேள்வி-பதில் தயாரித்து வீரர்களுக்கு அனுப்பியது. அதிலும் வெளி விவாதத்திலும் வந்த ஆட்சேபங்களில் சில கனமானவை. ஊழியர் என்று ஆகிவிட்டால் ஸ்காலர்ஷிப்புக்கு வருமான வரி வருமா? பெண்களுக்குச் சம வாய்ப்பு கேட்கும் 1972-ஆம் ஆண்டின் சட்டம் என்ன ஆகும்? கால்பந்து வருமானத்தில் நடக்கும் நீச்சலும் மல்யுத்தமும் தாங்குமா? இவற்றுக்குச் சங்கத் தரப்பில் முழு விடை இருக்கவில்லை. வரியைப் பற்றிய கேள்வி பல வீரர்களை யோசிக்க வைத்தது என்பதில் வியப்பில்லை.

பயிற்சியாளர் தன் கருத்தைச் சொன்னது சட்டத்துக்குள்தான். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை யார் களத்தில் இறங்குவார், யார் ஓரத்தில் உட்காருவார் என்று முடிவு செய்பவர், இருபது வயதுப் பையனிடம் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சொல்லும்போது அது வெறும் கருத்தாக மட்டும் காதில் விழாது.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள், வாஷிங்டனில் உள்ள முழு வாரியம் மறுஆய்வு மனுவை ஏற்றுக்கொண்டது. ஆகவே வீரர்கள் வாக்களித்தார்கள், வாக்குச்சீட்டுகளை எண்ணாமல் முத்திரை வைத்தார்கள்.

வாரியத்தின் முடிவு: 2015 ஆகஸ்ட் 17

பதினாறு மாதம் கழித்து ஐந்து உறுப்பினர்களும் ஒருமனதாகச் சொன்னது: இந்த வழக்கில் எங்கள் அதிகாரத்தைச் செலுத்த மாட்டோம். வீரர்கள் ஊழியர்களா இல்லையா என்பதை அவர்கள் தீர்மானிக்கவே இல்லை.

அவர்கள் காட்டிய காரணம் லீக்கின் அமைப்பு. முதல் நிலைக் கால்பந்தில் அன்று சுமார் 125 அணிகள்; தனியார் கல்லூரிகள் 17 மட்டுமே. நார்த்வெஸ்டர்ன் ஆடும் பிக் டென் லீக்கில் அன்று 14 கல்லூரிகள் இருந்தன, அதில் தனியார் இது ஒன்றுதான். மற்றவற்றை வாரியம் தொட முடியாது. தொழில்முறை விளையாட்டில் சங்கங்கள் லீக் முழுவதற்கும் சேர்த்துத்தான் பேரம் பேசுகின்றன. இங்கே ஒரே அணிக்கு மட்டும் பேரம் பேச அனுமதித்தால் தொழில் உறவில் நிலைத்தன்மை வராது, குழப்பம்தான் வரும் என்றது வாரியம். இதற்கிடையில் ஸ்காலர்ஷிப் விதிகள் ஓரளவு மாறிவிட்டதையும் குறிப்பிட்டது.

மனு தள்ளுபடி. முத்திரை வைத்த வாக்குச்சீட்டுகளை எண்ணாமலே அழித்தார்கள். அந்த 76 பேரில் எத்தனை பேர் வேண்டும் என்றார்கள், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வாரியத்தின் கவலையை வெறும் சாக்கு என்று நான் ஒதுக்கமாட்டேன். ஒரே விதிப்புத்தகத்தில் ஓடும் லீக்கில் ஒரு அணிக்கு மட்டும் வேறு நிபந்தனை என்பது நிஜமான சிக்கல். ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட அணிகளைச் சட்டம் எட்டவில்லை என்பதற்காக எட்டும் அணியின் உரிமையையும் விட்டுவிடுவது, வேலை செய்தவரின் தோளில் சட்டத்தின் ஓட்டையைச் சுமத்துவதாகும். வாரியத்திடம் நடுவழிகள் இருந்தன. ஊழியர்தான் என்று அறிவித்துவிட்டு, லீக் முழுவதற்குமான விதிகளைப் பேரத்துக்கு வெளியே வைத்திருக்கலாம். மருத்துவச் செலவும் பயிற்சியில் தலைமோதலும் நார்த்வெஸ்டர்ன் தன் வளாகத்துக்குள்ளேயே பேசித் தீர்த்திருக்கக்கூடியவை.

அதன் பிறகு நடந்தவை

தோற்ற வழக்கு என்றாலும் அதன் அழுத்தம் உடனே தெரிந்தது. 2014 ஏப்ரலில் வீரர்களின் சாப்பாட்டுக்கு இருந்த கட்டுப்பாட்டை என்.சி.ஏ.ஏ. நீக்கியது. அக்டோபரில் பிக் டென் நான்கு ஆண்டு ஸ்காலர்ஷிப்புக்கு உத்தரவாதம் தந்தது. 2015 ஜனவரியில் ஐந்து பெரிய லீக்குகள் படிப்பின் முழுச் செலவையும் தர ஒப்புக்கொண்டன. மனுவில் கேட்டவற்றில் சில, பேரம் இல்லாமல் சலுகையாக வந்தன. எதிர்த்திசையில், ஒஹாயோ, மிச்சிகன் மாநிலச் சட்டமன்றங்கள் 2014-லேயே தங்கள் அரசுப் பல்கலைக்கழக வீரர்கள் ஊழியர்கள் இல்லை என்று சட்டம் போட்டுவிட்டன.

வீரர் விதிப்புத்தகத்தைப் பற்றி வாரியத்துக்கு ஒரு புகார் போனது; வாரியத்தின் தலைமைச் சட்ட அலுவலகம் 2016-இல் அதை ஆராய்ந்தது. இதற்கிடையில் நார்த்வெஸ்டர்ன் அதில் சமூக வலைத்தளம், பத்திரிகைப் பேட்டி பற்றிய கட்டுப்பாடுகளைத் தளர்த்தி எழுதியது. சங்கம் இல்லாமலே கிடைத்த மாற்றம் இது. இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

பெரிய பணம் வேறு வாசல் வழியாக வந்தது. வணிகப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9–0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க முடிந்தது. 2025 ஜூனில் வேறொரு வழக்கில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பழைய வீரர்களுக்குப் பின்னிலுவையாகச் சுமார் 280 கோடி டாலர். அந்த நிலுவை 2016 முதல் ஆடியவர்களுக்கு. 2013-இல் மணிக்கட்டில் எழுதிக்கொண்டு ஆடியவருக்கும் அவரோடு கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கும் அதில் பங்கில்லை.

காயத்துக்கான மருத்துவச் செலவு, அதாவது அவர்களுடைய முதல் கோரிக்கை, 2024 ஆகஸ்டில் ஒரு காப்பீட்டுத் திட்டமாக வந்தது. விளையாட்டை விட்டபின் இரண்டு ஆண்டுக்கு அது செல்லும்.

மறுபடி நடந்தால் எதை மாற்ற வேண்டும்

முதலில், எத்தனை கல்லூரிகளைச் சேர்த்து மனு போடுவது என்பது. ஒரே அணியில் தொடங்கியதற்கு அன்று காரணம் இருந்தது. ஆனால் வாரியம் தன் காரணத்தை எழுதிக் காட்டிய பிறகு, தனியார் கல்லூரிகள் பலவற்றைச் சேர்த்து, லீக்கையும் கூட்டு முதலாளியாக இணைத்து வர வேண்டும் என்பது தெளிவு. 2024-இல் டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து அணி மறுபடி ஒற்றை அணியாகவே போனது. அங்கே வாக்குகளை எண்ணினார்கள்: 13–2, சங்கத்துக்குச் சாதகம். கல்லூரி பேச மறுத்தது. ஆட்சி மாறி வாரியமும் மாறவிருந்த நேரத்தில், பாதகமான முன்தீர்ப்பு வந்துவிடும் என்ற கவலையில் அந்த ஆண்டின் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது காலம். கல்லூரி வீரரின் ஆயுள் நான்கைந்து ஆண்டு. மறுஆய்வு பதினாறு மாதம் இழுத்தால் மனு போட்டவர்களில் பலர் அதற்குள் வெளியே போய்விடுவார்கள். மறுஆய்வு நிலுவையில் இருந்தாலும் வாக்குகளை எண்ணிவிட வேண்டும். எண்ணிக்கை தெரிந்தால் தோற்றாலும் அடுத்த அணிக்கு ஒரு பிடி கிடைக்கும்.

வரி, பெண்கள் விளையாட்டு இரண்டுக்கும் சங்கத் தரப்பு விடை தயாராக வைத்துக்கொண்டே போக வேண்டும். 2025 சமரசத்தில் நிலுவைப் பங்கீடு கால்பந்துக்கு 75, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்றெல்லாருக்கும் 5 சதவீதம் என்று வந்தபோது பெண் வீரர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2014-இல் யாரும் சரியாகப் பதில் சொல்லாத அதே கேள்விதான் அது.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் இதில் வேலை உண்டு. பயிற்சி நேரம், வகுப்பு மோதல், காயம்பட்டவர் எப்போது திரும்ப ஆடலாம் என்ற முடிவு, இவற்றில் வாக்குரிமையோடு கூடிய வீரர் குழு அமைக்க எந்த நீதிமன்றமும் சொல்ல வேண்டியதில்லை. 20 மணி நேர விதியும், எதெல்லாம் அதில் சேராது என்ற பட்டியலும் புதிய சமரசத்துக்குப் பிறகும் இருக்கின்றன. வேதியியல் வகுப்பு காலையில் வந்தால் இன்றும் பயிற்சியாளர்தான் முடிவு சொல்வார்; அவருக்கு எதிரே உட்கார்ந்து பேச வீரர்களின் பிரதிநிதி யாரும் கிடையாது.